அறுபத்துமூன்றாம் பலகை

ஏப்ரல் முதல் சனிக்கிழமை.
பின்பையில் ஒரு ஸ்பேனர், இரண்டு பழந்துணி,
வினிகர் கலந்த தண்ணீர் அரைப்புட்டி.
நாற்பத்தொன்றில் தொடங்கி எண்பத்தேழு வரை
வழிப்பலகைகளைத் துடைப்பது என் பங்கு.

ட்ரெந்தேயில் ஊர்ப்பெயர் பார்த்து
யாரும் சைக்கிள் ஓட்டுவதில்லை.
எண்களைத் துண்டுக்காகிதத்தில் எழுதி
கைப்பிடியில் ஒட்டிக்கொள்கிறார்கள்:
41, 26, 63, 12.
எண் முடியும் இடத்தில் ஒரு கல்திட்டை,
கல்திட்டை முடியும் இடத்தில் காபி.

மலை இல்லாத குறையை இங்கே
காற்று தீர்த்துவைக்கிறது.
போகும்போதும் எதிர்க்காற்று
வரும்போதும் எதிர்க்காற்று.
விளக்கம் கேட்காதீர்கள்.
தபால்காரனாக முப்பத்திரண்டு வருடம்
நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

நாற்பத்தொன்றில் பாசி.
இருபத்தாறில் புறா உட்கார்ந்து எழுந்த தடம்,
அதில் ஆறு மட்டும் எட்டாகியிருந்தது.
துடைத்தேன். எட்டு ஆறானது.

அறுபத்துமூன்றுதான் தலைவலி.
அம்பு இடப்பக்கம் காட்ட வேண்டும்:
பெரிய கல்திட்டை, விளக்கப் பலகை,
கழிப்பறை, கார் நிறுத்துமிடம்.
மூன்று வருடமாக யாரோ
அதை வலப்பக்கம் திருப்பிவிடுகிறார்கள்,
உருளைக்கிழங்கு வயலுக்குள் போகும் மண்பாதைக்கு.
பள்ளிக்கூடப் பையன்கள் என்று நினைத்தேன்.
போன வருடம் புது போல்ட் போட்டேன்.
அடுத்த வாரமே அம்பு வலப்பக்கம் பார்த்தது.

இந்த முறை பலகையைத் தொடவில்லை.
அது சொன்ன பக்கமே மிதித்தேன்.

மணலில் சக்கரம் புதைந்தது,
இறங்கித் தள்ளினேன்.
பன்றிக் கொட்டகையின் பின்னால்
ஒரு ஓக் மரம்; அடியில் மூன்று கற்கள்.
மூன்றே மூன்று.
மேலே மூடும் கல் இல்லை,
அறை இல்லை, வாசல் இல்லை.
ஒரு கல்லில் பூனை வெயில் காய்ந்தது.

'நீ ஹில்பிராந்த் அல்லவா' என்று
ரப்பர் பூட்ஸோடு வந்தாள் ரூல்ஃபின் ஹிட்டிங்க்.
அந்த வீட்டுத் தபால்பெட்டி
சாலை முனையிலேயே நின்றது.
அவள் கையெழுத்தும் மின்கட்டணமும்
எனக்குத் தெரியும்,
அவள் கொல்லையை நான் பார்த்ததில்லை.

'மீதிக் கற்கள் எங்கே?'
'கடலுக்குப் போய்விட்டன.
கரையணை மரத்தைப் புழு அரித்த காலத்தில்
வண்டிக்கு இவ்வளவு என்று விலை பேசி
ஹிட்டிங்க் குடும்பத்து ஆள் ஒருவர் விற்றார்.
இந்த மூன்றும் வண்டியில் ஏறவில்லை.
கனத்தால் தப்பித்தவை.'

பலகையைப் பற்றிக் கேட்கலாமா என்று
யோசித்துக்கொண்டிருந்தேன்.
அவள் மேலங்கிப் பையில் துருத்திக்கொண்டு நின்றது
என்னுடையதைவிடப் பெரிய ஸ்பேனர்.

'கோடைக்கு ஏழெட்டுப் பேர் வழிதவறி வருவார்கள்.
சிலர் திட்டுவார்கள்.
சிலர் கல்லில் சாய்ந்து தூங்கிவிடுவார்கள்.
தண்ணீர் கொடுப்பேன்.'
'காபி விற்கலாமே,
நல்ல காசு பார்க்கலாம்.'
ரூல்ஃபின் பூனையைத் தூக்கித் தோளில் போட்டாள்.
'இந்தக் கல்லை வைத்து
இந்த வீட்டில் விற்றது போதும்.'

சாலைக்குத் திரும்பினேன்.
கடமை கடமைதான்,
அம்பை இடப்பக்கம் திருப்பினேன்.
போல்ட்டை மட்டும்
விரலால் முறுக்கியதோடு விட்டேன்.
குறிப்பேட்டில் எழுதினேன்: 63, சரி.

பன்னிரண்டாம் பலகைக்கு முன்னால்
சிறுதூறல். எதிர்க்காற்று, சொல்லவே வேண்டாம்.
ஓரமாக நின்று ட்யூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான்
ஒரு பெல்ஜியத்துப் பையன்.
'கல்லுக்கு இன்னும் எவ்வளவு தூரம்?'
'எந்தக் கல்?' என்றேன்.
கைப்பிடிக் காகிதத்தைக் குனிந்து பார்த்தான்.
63 வரை தெரிந்தது.
அதற்குமேல்
மை கரைந்திருந்தது.